ஈரல் வளர ஓமோன் மாத்திரை உதவுமா?

கேள்வி: எனக்கு 34 வயது. ஹட்டன் பக்கத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கிறேன். பிள்ளைகள் இரண்டு. அண்ணனுக்கு ஈரல் சுருங்கிவிட்டது. மாற்று ஈரல் வைத்தால்தான் தப்புவார் என்று ராகமை வைத்தியசாலையில் சொல்லிவிட்டார்கள். ரத்த வகை எனக்கும் தம்பிக்கும் பொருந்துகிறது. தம்பி கொஞ்சம் குடிப்பான். நான் 52 கிலோ, அண்ணன் 60. வெட்டிய ஈரல் வளரும் என்கிறார்களே, கவ்வாத்து வெட்டிய தேயிலை தளிர்க்கிற மாதிரியா? சின்னவன் பிறந்த பிறகு குடும்பக்கட்டுப்பாட்டு மாத்திரை குடிக்கிறேன். காலையில் தைரொக்சின் 75 மைக்ரோகிராம். கெம்பஸ் படிக்கும் அண்ணன் மகன், ஈரல் வளரும்போது அதன் கலங்களில் பெண் ஓமோன் "வாங்கி" கூடுகிறது, ஆண் ஓமோன் "வாங்கி" குறைகிறது என்று எங்கோ வாசித்துவிட்டு வந்து சொன்னான். அப்படியென்றால் மாத்திரையை விடாமல் குடித்தால் ஈரல் சீக்கிரம் வளருமா? பெண்ணுடைய ஈரல்தான் நல்லதா? வைத்தியசாலையில் மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார்கள். பார்மசியில் ஒருவர் பொடி (உடம்பு) ஏற்றும் ஊசி போட்டால் ஈரல் பலப்படும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: மாத்திரையை நிறுத்துங்கள். வைத்தியசாலையில் சொன்னதுதான் சரி. உங்கள் மருமகன் வாசித்ததும் பொய்யில்லை. (வாங்கி என்பது, ஓமோன் போன்றவை வந்து பொருந்தும் கலத்துப் புரதம்.) ஆனால் அதிலிருந்து "மாத்திரை குடித்தால் ஈரல் வளரும்" என்று முடிவுகட்டியதுதான் பிழை, அதுவும் உயிருக்கே வினையாகக்கூடிய பிழை. இடையில் என்ன விடுபட்டது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். மருமகனுக்கும் வாசிக்கக் கொடுங்கள்.

முதலில் கவ்வாத்து. ஈரல் அப்படித் தளிர்ப்பதில்லை. தேயிலைச் செடியில் வெட்டிய கொப்பிலிருந்தே புதுக்கொப்பு வரும். ஈரலில் வெட்டி எடுத்த மடல் மறுபடி முளைப்பதே இல்லை. மிஞ்சிய மடல்தான் பருக்கும். பத்து வருடம் கழித்து ஸ்கான் எடுத்தாலும் உங்கள் ஈரலின் உருவம் பழையபடி இராது. அளவும் வேலையும்தான் திரும்பும். சாதாரண நாட்களில் பிரியாமல் சும்மா இருக்கும் ஈரல் கலங்களே, ஒரு பகுதி போய்விட்டது என்றதும் பிரியத் தொடங்குகின்றன.

இதைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி எலியிடமிருந்து வந்தது. எலியின் ஈரலில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டியெடுக்கும் முறையை ஹிக்கின்ஸ், அன்டர்சன் என்ற இருவர் 1931இல் விவரித்தார்கள். ஆய்வுகூடங்களில் இன்றும் அதே முறைதான். வெட்டி ஏறத்தாழ 24 மணித்தியாலத்தில் ஈரல் கலங்கள் டி.என்.ஏ.யைப் படியெடுப்பது உச்சத்துக்குப் போகிறது. பித்தக்குழாய்க் கலங்களும் குருதிக்குழாய்ச் சுவரின் கலங்களும் அதற்குப் பிறகுதான் பிரிகின்றன. ஏழு முதல் பத்து நாளில் எலி ஈரலின் எடை திரும்பிவிடும். மனிதரில் இவ்வளவு வேகம் இல்லை. வலது மடலைக் கொடுத்தவர்களுக்கு முதல் இரண்டு வாரம் வேகமாக வளர்ந்து, பிறகு ஆறுதலாகி, மூன்று மாதத்தில் பழைய கொள்ளளவில் ஏறத்தாழ 80 சதவீதம் வந்திருக்கும். சிலருக்கு ஒரு வருடம் கழித்தும் நூறு சதவீதம் வராது. அதனால் அவர்களுக்கு ஒரு குறையும் இல்லை.

இனி, யார் கட்டளை கொடுப்பது என்ற விஷயம். மருமகன் வாசித்ததில் விடுபட்டது இங்கேதான்.

வெட்டிய உடனே, முழு ஈரலுக்கும் போய்க்கொண்டிருந்த ஈரல் வாயினாளத்துக் குருதி (குடல், சதையி பக்கமிருந்து ஈரலுக்கு வருவது) முழுவதும் மிஞ்சிய சிறு துண்டுக்குள் பாய்கிறது. சில நிமிடங்களிலேயே ஈரலின் இழையத்தில் பூட்டிவைக்கப்பட்டிருந்த ஈரல் வளர்ச்சிக் காரணி என்ற புரதம் அவிழ்த்துவிடப்படுகிறது. அது ஈரல் கலத்தின் மேற்சுவரிலுள்ள மெட் என்ற வாங்கியில் பொருந்துகிறது. பக்கத்திலேயே மேற்றோல் வளர்ச்சிக் காரணிக்கான வாங்கி ஒன்று உண்டு, அதுவும் விழித்துக்கொள்கிறது. ஈரலுக்குள் குடியிருக்கும் குப்ஃபர் கலங்கள் இன்டர்லூக்கின் 6 போன்ற சைகைப் புரதங்களைச் சுரந்து, தூங்கும் கலங்களைப் பிரிவதற்குத் தயாராக்குகின்றன. மெட், மேற்றோல் காரணி வாங்கி இரண்டையும் சேர்த்து முடக்கினால் சுண்டெலியின் ஈரல் வளர்வதே நின்றுவிடுகிறது. பிரிவுக்கு நேரடிக் கட்டளை கொடுப்பவை இந்த இரண்டும்தான்.

நாம் வழக்கமாக ஓமோன் என்று சொல்பவை, அதாவது இன்சுலின், நோர்அதிரினலின், தைரொயிட் ஓமோன், பெண் ஓமோனான ஈஸ்ட்ரஜன் எல்லாம், பெரும்பாலும் கைகொடுக்கும் ஆட்கள். ஒன்றைத் தடுத்தால் வளர்ச்சி தாமதமாகும், மந்தமாகும், நின்றுபோகாது. உதாரணத்துக்கு நோர்அதிரினலின். வெட்டியதும் குருதியில் அது ஏறுகிறது, ஈரல் கலத்தின் அல்பா 1 வாங்கி வழியாக மேலே சொன்ன இரண்டு கட்டளைகளுக்கும் வலுவூட்டுகிறது. அந்த வாங்கியைப் பிராசோசின் என்ற மருந்தால் அடைத்தால் எலியின் ஈரல் கலங்கள் டி.என்.ஏ. படியெடுப்பது பிந்துகிறது. (ஈரல் சுருங்கியவர்களுக்கு வழமையாகக் கொடுக்கும் புரோப்பிரனலோல் பீட்டா வாங்கியை அடைப்பது. அண்ணன் அதைக் குடிக்கிறார் என்றால் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு நிறுத்திவிடாதீர்கள். இரைப்பைக்கு மேலே வீங்கிய நாளங்கள் வெடிக்காமல் காப்பது அதுதான்.)

பெண் ஓமோன் வாங்கிக்கு வருவோம். 1980களில் ஆண் எலிகளில் செய்த சோதனைகள் இவை. மூன்றில் இரண்டு பங்கு ஈரலை எடுத்த பிறகு குருதியில் ஈஸ்ட்ரடையோல் என்ற ஈஸ்ட்ரஜன் ஏறுகிறது, ஆண் ஓமோனான டெஸ்டொஸ்டெரோன் இறங்குகிறது. ஈரலில் ஆண் ஓமோன் வாங்கி குறைகிறது. ஈஸ்ட்ரஜன் வாங்கி, கலத்தின் கருப் பகுதியில் அதிகமாகக் காணப்படுகிறது. ஈஸ்ட்ரஜனுக்கு எதிராக வேலைசெய்யும் தமொக்சிபன் கொடுத்தால் டி.என்.ஏ. படியெடுப்பு குறைகிறது. ஆண் ஈரல் கொஞ்சநாளைக்குத் தன் ஆண்தன்மையைக் கழற்றி வைக்கிறது என்று அப்போது எழுதினார்கள். மருமகன் வாசித்தது இதைத்தான்.

இந்த அளவுகளை எப்படி எடுத்தார்கள் என்று தெரிந்தால், எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதும் தெரியும். ஈரல் துண்டைப் பனிக்கட்டியில் வைத்து அரைத்து, வேகமாகச் சுழற்றும் கருவியில் போட்டுக் கருக்களை அடியில் படியவிடுவார்கள். மேலே நிற்கும் நீரை இன்னும் கூடிய வேகத்தில் ஒரு மணித்தியாலம் சுழற்றி, தெளிந்து வருவதைக் குழியவுருப் பகுதி (கலத்தில் கருவுக்கு வெளியே உள்ளது) என்று பிரிப்பார்கள். கருவிலிருந்து வாங்கியை உப்புக் கரைசலால் கழுவி எடுப்பார்கள். இரண்டிலும் கதிரியக்கம் ஏற்றிய ஈஸ்ட்ரடையோலைக் கலந்து, எவ்வளவு ஒட்டுகிறது என்று எண்ணுவார்கள். கண்ட புரதத்திலும் ஒட்டியதைக் கழிக்க, கதிரியக்கம் இல்லாத ஓமோனை நூறு மடங்குக்கு மேல் சேர்த்து இன்னொரு குழாய் வைப்பார்கள். ஒட்டாமல் மிதப்பதைக் கரித்தூள் போட்டு அகற்றுவார்கள்.

கேட்க நேர்த்தியான முறைதான். ஆனால் கண்ணி பல. ஆண் எலியின் ஈரலில் ஈஸ்ட்ரஜனைப் பிடித்துவைக்கும் வேறொரு புரதம் ஏராளமாக உண்டு. அது வாங்கி அல்ல, ஆனால் எண்ணிக்கையைக் குழப்பும். ஈரலின் எடை நாளுக்கு நாள் மாறும்போது, "ஒரு கிராமுக்கு இவ்வளவு" என்பதும் "மொத்த ஈரலுக்கு இவ்வளவு" என்பதும் வேறு வேறு கதை சொல்லும். எல்லாவற்றிலும் பெரியது இது: ஓமோன் வராதபோது ஈஸ்ட்ரஜன் வாங்கி குழியவுருவில் இருக்கும், ஓமோன் வந்ததும் கருவுக்குள் இடம்பெயரும் என்றுதான் அந்தக் காலத்தில் நினைத்தார்கள். 1984 அளவில், அந்த வாங்கி பெரும்பாலும் எப்போதுமே கருவுக்குள்தான் இருக்கிறது, அரைக்கும்போதுதான் வெளியே கசிகிறது என்று தெரியவந்தது. ஆகவே "கருவில் கூடியது" என்ற பழைய அளவை, "டி.என்.ஏ.யோடு இறுகப் பிடித்துக்கொண்டது, வேலைசெய்கிறது" என்றே இன்று வாசிக்க வேண்டும். ஆண் ஓமோன் வாங்கியின் நிலை வேறு. அது உண்மையிலேயே வெளியே காத்திருந்து, ஓமோன் வந்ததும் கருவுக்குள் போவது.

சரி, வாங்கி உண்மையிலேயே வேலைசெய்கிறது என்றே வைப்போம். அப்போதும் மாத்திரை ஏன் உதவாது?

வாங்கி கூடுவது ஈரல் கலம் தானாகச் செய்துகொள்ளும் ஏற்பாடு. ஏற்கெனவே குருதியில் உள்ள ஓமோனே அதற்குப் போதும். 34 வயதில், மாத்திரையை நிறுத்தியதும் உங்கள் சூலகங்களே வேண்டிய ஈஸ்ட்ரஜனை மறுபடி சுரக்கத் தொடங்கும். வெளியிலிருந்து இன்னும் ஊற்றினால் வளர்ச்சி கூடும் என்று மனிதரில் யாரும் காட்டவில்லை. ஆண்கள் ஈரல் கொடுக்கிறார்கள், அவர்களுக்கும் மாத்திரை இல்லாமலே வளர்கிறது.

இன்னொன்று, மாத்திரையில் இருப்பது உங்கள் உடம்பு சுரக்கும் ஈஸ்ட்ரஜன் அல்ல. எதினைல் ஈஸ்ட்ரடையோல் என்ற செயற்கைப் பொருள். ஈரலால் எளிதில் உடைக்க முடியாதது. வாயால் விழுங்கியது குடலிலிருந்து நேரே ஈரலுக்குத்தான் முதலில் வரும். அங்கே அதே ஈஸ்ட்ரஜன் வாங்கியில் பொருந்தி, குருதி உறையும் புரதங்களைக் கூடுதலாகச் செய்யச் சொல்கிறது. உறையாமல் தடுக்கும் புரதங்கள் சிலவற்றைக் குறைக்கிறது. நீங்கள் ஈரலை வளர்க்க நம்பியிருக்கும் அந்த வாங்கிதான் கால் நாளத்தில் குருதிக்கட்டி வரவும் வழிவிடுகிறது. சாதாரண நாளில் இந்த ஆபத்து சிறியது. பெரிய வயிற்றுச் சத்திரசிகிச்சை, பல மணித்தியால மயக்கம், பிறகு நாட்கணக்கில் படுக்கை, அதோடு உறைதலின் சமநிலையே குலைந்துபோன வெட்டுப்பட்ட ஈரல் என்று எல்லாம் ஒன்றுசேர்ந்தால் சிறியதல்ல. கால் நாளத்துக் கட்டி கழன்று நுரையீரலுக்குப் போனால் ஆள் சில நிமிடங்களில் விழலாம். ஈரல் கொடுத்தவர்கள் இறந்த சம்பவங்களில் இதுவும் ஒரு காரணம். இன்னொரு பயம், கட்டி ஈரல் வாயினாளத்திலேயே வருவது. அப்போது மிஞ்சிய ஈரலுக்கும் குருதி போகாது.

ஆகவே ஈஸ்ட்ரஜன் உள்ள மாத்திரையைச் சத்திரசிகிச்சைக்குக் குறைந்தது நான்கு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். உறையும் புரதங்கள் பழைய நிலைக்கு வர அவ்வளவு காலம் தேவை. எப்படி நிறுத்துவது என்பதிலும் பிழை விடுகிறவர்கள் உண்டு. இங்கே கிடைக்கும் பெட்டிகள் பெரும்பாலானவற்றில் 21 மாத்திரைகளில் ஓமோன், கடைசி 7 பழுப்பு மாத்திரைகளில் வெறும் இரும்புச்சத்து. திகதிக்கு நான்கு வாரத்துக்கு மேல் இருந்தால் அந்தப் பெட்டியின் 21ஐயும் முடித்துவிட்டு நிறுத்துங்கள். இரும்பு மாத்திரையைக் குடிக்கலாம், அதில் ஓமோன் இல்லை. நாள் நெருங்கிவிட்டால் நடுப்பெட்டியிலும் நிறுத்தத்தான் வேண்டும். இரண்டு மூன்று நாளில் உதிரம் படும், பயப்பட வேண்டாம். கடைசி மாத்திரை குடித்த திகதியைக் கிளினிக் கொப்பியில் எழுதிவையுங்கள். வார்டில் கட்டாயம் கேட்பார்கள். நான்கு வாரம் ஆகாமலே சத்திரசிகிச்சை செய்ய நேர்ந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். குருதி உறையாமல் தடுக்கும் ஹெப்பரின் வகை ஊசியை அதற்கேற்ப யோசித்துக் கொடுப்பார்கள்.

மாத்திரையை நிறுத்திவிட்டு வேறு ஒன்றும் செய்யாமல் இருந்து கர்ப்பமாகிவிட்டால் எல்லாமே நின்றுவிடும். சத்திரசிகிச்சைக்கு முன் கர்ப்பப் பரிசோதனை செய்வார்கள். கர்ப்பம் என்றால் ஈரல் எடுக்க மாட்டார்கள். கடைசி நேரத்தில் அண்ணனுக்கு வேறு ஆள் தேட வேண்டிவரும். நடுப்பெட்டியில் நிறுத்தினால், அதற்கு முந்தின சில நாட்களில் உறவு இருந்திருந்தால்கூட வாய்ப்பு உண்டு. மாத்திரையை நிறுத்துவதற்கு முன்னமே உங்கள் பகுதி மிட்வைஃபிடம் அல்லது எம்.ஓ.எச். ஒபிஸ் குடும்பக்கட்டுப்பாட்டுக் கிளினிக்கில் பேசுங்கள். ஆணுறை போதும், தவறாமல் பாவிக்க வேண்டும். கருப்பைக்குள் வைக்கும் செம்பு லூப்பில் ஓமோன் இல்லை, அதுவும் நல்லது. ஆனால் மாதவிடாய் உதிரம் கூடலாம், ஏற்கெனவே ரத்தம் குறைவு என்றால் யோசிக்க வேண்டும். டெப்போ என்ற குடும்பக்கட்டுப்பாட்டு ஊசி போடுவதானால் ஈரல் பிரிவு வைத்தியரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். ஈரல் கொடுத்த பிறகும் ஒரு வருடம்வரை கர்ப்பம் தரிக்காமல் இருப்பது நல்லது என்பதால், இந்த ஏற்பாடு ஒரு மாதத்துக்கு மட்டும் அல்ல.

தைரொக்சின் கதை நேர்மாறு. அதை நிறுத்தக் கூடாது. ஈரல் கலத்தில் தைரொயிட் ஓமோனுக்குப் பீட்டா வகை வாங்கி உண்டு. அந்த ஓமோன் குறைந்த எலிகளில் ஈரல் வளர்வது தாமதமாகிறது. கூட்டிக் கொடுத்தால் எலியில் வெட்டாத ஈரலே பிரியத் தொடங்கும். அதைக் கேட்டுவிட்டு 75ஐ 150 ஆக்க வேண்டாம். அதே ஓமோனுக்கு இதயத்தில் வேறு வகை வாங்கி உண்டு. நெஞ்சு படபடக்கும், துடிப்பின் ஒழுங்கு குழம்பும், நாளடைவில் எலும்பும் தேயும். பீட்டா வாங்கியை மட்டும் குறிவைக்கும் ரெஸ்மெட்டிரோம் என்ற மருந்துக்கு 2024 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதுவும் தழும்பு விழுந்த கொழுப்பு ஈரலுக்குத்தான், வெட்டிய ஈரலை வளர்க்க அல்ல. உங்களுக்கு வேண்டியது டி.எஸ்.எச். (தைரொயிட்டைத் தூண்டும் ஓமோன், தைரொக்சின் பற்றாவிட்டால் ஏறுவது) அளவு சரியாக இருப்பது. மாத்திரையை வெறும் தண்ணீரோடு விழுங்கி, அரை மணித்தியாலமாவது கழித்துத்தான் பால் தேத்தண்ணீர். இரும்பு மாத்திரை, கல்சியம் மாத்திரை எதுவானாலும் நான்கு மணித்தியாலம் தள்ளி. காலையில் மலைக்கு ஏறுகிற அவசரத்தில் தைரொக்சினையும் இரும்பு மாத்திரையையும் ஒரே வாயில் போட்டுத் தேத்தண்ணீரோடு விழுங்குவது நம் பக்கத்தில் சர்வசாதாரணம். டி.எஸ்.எச். ஏறிக்கொண்டே போக அதுவே காரணமாகலாம். சத்திரசிகிச்சையின்போது ஓரிரு நாள் குடிக்க முடியாமல் போனால் பரவாயில்லை; உடம்பிலிருந்து பாதி குறையவே ஒரு வாரம் ஆகும் மருந்து அது.

பொடி ஏற்றும் ஊசி வேண்டவே வேண்டாம். அவை ஆண் ஓமோன் வகையைச் சேர்ந்தவை. இந்த வகையில் வாயால் விழுங்கும் மாத்திரைகள் பித்த ஓட்டத்தை அடைத்து மஞ்சள் காமாலை கொண்டுவரும். ஈரலில் கட்டியும் குருதி நிறைந்த குழிகளும் வரச்செய்யும். ஊசி என்றாலும் ஈரலைப் பலப்படுத்தும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஈரல் வளரும்போது ஆண் ஓமோன் வாங்கி குறைகிறது என்று மருமகனே வாசித்திருக்கிறான். அதையாவது அந்தப் பார்மசிக்காரரிடம் சொல்லலாம். ஈரலுக்கு நல்லது என்று யாராவது கொடுக்கும் கசாயம், சூரணம் எதையும் சத்திரசிகிச்சைக்கு முன்னும் பின்னும் குடிக்க வேண்டாம். குருதிச் சோதனையில் ஈரல் நொதியம் ஏறினால், காரணம் கசாயமா, வெட்டா, தொற்றா என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போகும்.

பெண் ஈரலா, ஆண் ஈரலா என்பதை வைத்துக் கொடையாளியைத் தெரிவதில்லை. சி.டி. ஸ்கானில் கொள்ளளவு பார்ப்பார்கள். 52 கிலோ எடையுள்ள உங்களுடைய முழு ஈரல் ஏறத்தாழ 1,050 கிராம் என்று வைப்போம். வலது மடல் 60 சதவீதம், அதாவது 630 கிராம் போனால் உங்களிடம் 420 கிராம், 40 சதவீதம் மிஞ்சும். குறைந்தது 30 முதல் 35 சதவீதம் மிஞ்ச வேண்டும் என்பது பொது விதி. அண்ணன் பக்கத்தில், அவருடைய எடையில் 0.8 சதவீதமாவது கிடைக்க வேண்டும். 60 கிலோவுக்கு 480 கிராம். வலது மடல் போதும். இடது மடலை எடுத்தால் 420தான், அது 0.7 சதவீதம், பற்றாது. பற்றாத ஈரலுக்குள் வாயினாளக் குருதி அளவுக்கு மீறிப் பாய்ந்து, கண் மஞ்சளாகி, வயிற்றில் நீர் நிறைந்துவிடும். அண்ணனுக்கு இப்போதே வயிற்றில் நீர் இருந்தால் அந்த 60 கிலோவில் நீரின் எடையும் உண்டு. அதைக் கழித்துத்தான் கணக்குப் பார்ப்பார்கள். இது கணக்கைக் காட்ட எழுதியது. உங்களுடைய எண்களை ஸ்கான்தான் சொல்லும்.

தம்பி குடிப்பதை எழுதியது நல்லது. குடி ஈரலில் கொழுப்பை ஏற்றும். கொழுப்பு 30 சதவீதத்துக்கு மேல் என்றால் பொதுவாக எடுக்க மாட்டார்கள்; கொழுப்பு ஏறிய கலம் சரியாகப் பிரியாது, அண்ணனிடம் போயும் சரியாக வேலைசெய்யாது. தம்பி இன்றே குடியை முழுதாக விட்டால் சில வாரங்களில் கொழுப்பு இறங்கக்கூடும். உங்கள் ஸ்கானில் குருதிக்குழாய் அமைப்புப் பொருந்தாமல் போனால் அவர்தான் அடுத்த ஆள். ஆகையால் அவரையும் இப்போதே பரிசோதிக்கச் சொல்லுங்கள். வலது மடல் கொடுப்பதில் உயிராபத்து 200 பேரில் ஒருவர் முதல் 500 பேரில் ஒருவர் வரை என்று சொல்லப்படுகிறது. பித்தக் கசிவு, தொற்று, காயத்தில் குடலிறக்கம் என்று ஏதாவதொரு சிக்கல் மூன்றில் ஒருவருக்கு மேல் வரும், பெரும்பாலானவை சுகமாகிவிடும். இரண்டு பிள்ளைகளின் தாய் இதைத் தெரிந்துகொண்டுதான் கையெழுத்துப் போட வேண்டும். வேண்டாம் என்று தோன்றினால் கடைசி நிமிடத்திலும் சொல்லலாம். காரணத்தை வீட்டாரிடம் சொல்ல வேண்டியதில்லை.

உண்மையிலேயே ஈரல் வளர உதவும் ஓமோன் ஒன்று உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது: இன்சுலின். ஊசியில் அல்ல, சோற்றில். 1970களில் ஈரல் மாற்றுச் சத்திரசிகிச்சையின் முன்னோடியான தோமஸ் ஸ்டார்சல் குழுவினர் நாயின் ஈரலை இரண்டு பாதியாக்கினார்கள். ஒரு பாதிக்குச் சதையி (கணையம்), இரைப்பை, மண்ணீரல் பக்கத்துக் குருதி. மறுபாதிக்குக் குடலிலிருந்து வரும் குருதி. சாப்பாட்டுச் சத்து நிறைந்த குடற்குருதி வாங்கிய பாதிதான் வளர வேண்டும் என்று எவரும் நினைப்பார்கள். அதுதான் சுருங்கியது, சதையிக் குருதி வாங்கிய பாதி பருத்தது. முக்கிய காரணம் சதையி சுரக்கும் இன்சுலின். அது ஈரல் வாயினாளம் வழியாக முதலில் ஈரலுக்குத்தான் போகிறது. இன்சுலின் மட்டும் கலத்தைப் பிரியவைக்காது; அது இல்லாவிட்டால் கலம் வாடும். நீங்கள் சாப்பிட்டால் அது தானாகவே சுரக்கும். வாந்தி நின்றதும், வாயு போனதும், கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடச் சொல்வது வெறும் பலத்துக்காக மட்டும் அல்ல.

புரதம் நாளைக்கு ஒரு கிலோ எடைக்கு 1.2 முதல் 1.5 கிராம், உங்களுக்கு 62 முதல் 78 கிராம். ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டு இந்த அளவைத் தொட முடியாது. இரண்டு முட்டையில் 12, நூறு கிராம் காய்ந்த பருப்பில் 24, நூறு கிராம் மீன் அல்லது கோழியில் 20க்கு மேல், ஒரு தம்ளர் பாலில் 6 அல்லது 7. மீதி சோற்றிலும் ரொட்டியிலும் வரும். சத்திரசிகிச்சைக்குப் பின் முதல் மூன்று நாளில் குருதியில் பொஸ்பேற்று என்ற உப்பு நன்றாக இறங்கும். பிரியும் கலங்களும் இழுக்கும், சிறுநீரிலும் போகும். மிகவும் இறங்கினால் மூச்சுவிடும் தசைகூடச் சோர்ந்துபோகும். அதனால்தான் தினமும் ரத்தம் எடுப்பார்கள், தேவையென்றால் சேலைனில் கொடுப்பார்கள். "இருக்கிற ரத்தத்தையும் எடுக்கிறார்களே" என்று மறுக்க வேண்டாம்.

அண்ணனுக்கு ஈரல் வைத்த பிறகு ஸ்டெரொயிட் மருந்து கொடுப்பார்கள். அதற்கும் ஈரல் கலத்தில் வாங்கி உண்டு, ஆரம்பச் சைகைகளைக் கொஞ்சம் அடக்கும் என்று மருமகன் வாசித்துவிட்டு வருவான். உண்மைதான். ஆனால் அது இல்லாமல் அண்ணனின் உடம்பு உங்கள் ஈரலை நிராகரித்துவிடும். ஸ்டெரொயிட்டோடும் அவருக்குள் இருக்கும் மடல், உங்களிடம் மிஞ்சியதைவிடப் பொதுவாக வேகமாகத்தான் வளரும்.

வீடு திரும்பும் பயணத்தையும் சொல்ல வேண்டும். ராகமையிலிருந்து ஹட்டனுக்கு ரயிலோ வானோ, பல மணித்தியாலம் காலைத் தொங்கப்போட்டு உட்கார வேண்டும். குருதிக்கட்டிக்கு அது தோதான நேரம். ரயிலில் மணித்தியாலத்துக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். வான் என்றால் கித்துல்கல பக்கம் ஒருதரம், கினிகத்தேனையில் ஒருதரம் நிறுத்தி இறங்குங்கள். தண்ணீர் குடியுங்கள். உட்கார்ந்த இடத்திலும் பாதத்தை மேலும் கீழும் ஆட்டுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி நொந்தால், திடீரென்று மூச்சு வாங்கினால், அடுத்த கிளினிக் வரை காத்திராமல் உடனே பக்கத்து வைத்தியசாலைக்குப் போங்கள். 38 பாகைக்கு மேல் காய்ச்சல், கண் மஞ்சள், காயத்திலிருந்து பச்சை மஞ்சளாக நீர் கசிதல், கறுத்த மலம் ஆகியவற்றுக்கும் அப்படியே. எங்கே போனாலும் "ஈரல் கொடுத்தவள்" என்று முதலிலேயே சொல்லுங்கள். நோவுக்குப் பனடோல், முதல் வாரங்களில் நாளைக்கு 500 மில்லிகிராம் மாத்திரை நான்குக்கு மேல் வேண்டாம். வேறு நோ மாத்திரையைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

கொழுந்துக்கு எப்போது போகலாம் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கங்காணி கேட்பார். முதல் எட்டு வாரம் ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. தண்ணீர்க் குடம், விறகு, பிள்ளை எல்லாம் இதில் அடக்கம். சமதரையில் நடப்பது முதல் வாரத்திலிருந்தே நல்லது. பதினைந்து, இருபது கிலோ கொழுந்தைச் சுமந்துகொண்டு சரிவில் இறங்குவதற்கு மூன்று மாதமாவது ஆகட்டும். வயிற்றுக் காயம் பலப்படுமுன் சுமந்தால் குடலிறக்கம் வரும், அதற்கு இன்னொரு சத்திரசிகிச்சை. வைத்தியசாலையில் இருந்து வெளியேறும்போதே "பாரம் தூக்கக் கூடாது, மூன்று மாதம்" என்று திகதியோடு கடிதம் கேட்டு வாங்குங்கள். வாய்ச்சொல்லை வைத்துத் தோட்டத்தில் லேசான வேலை கேட்பது கடினம்.